முதல் பன்னிரண்டு வினாடி

பட்டன் என் வலது கையில் இருக்கிறது. பச்சைக் குமிழ், கட்டைவிரலுக்கு அடக்கமாக. அதன் ஒயர் கட்டிலுக்கு அடியில் ஓடிச் சுவரிலிருக்கும் பெட்டிக்குள் போகிறது. குமுதாவுக்கு வலிப்பு வரப்போகும் முதல் அறிகுறி தெரிந்ததுமே நான் இதை அழுத்த வேண்டும். அழுத்தினால் பக்கத்து அறையில் ஓடிக்கொண்டிருக்கும் பதிவில் ஒரு சிவப்புக் கோடு விழும், மணி அடிக்கும், நர்ஸ்கள் ஓடி வருவார்கள். நான்கு நாளாக இதுதான் எனக்கு உத்தியோகம். இருபத்தாறு வருஷம் கணிதம் சொல்லிக்கொடுத்தவனை ஒரு பட்டனுக்கு வாட்ச்மேனாகப் போட்டிருக்கிறார்கள். அதையாவது உருப்படியாகச் செய்வேனா என்றால் அதுவும் சந்தேகம், நேற்று மத்தியானத்திலிருந்து எனக்கு இதை அழுத்த மனசே இல்லை. மணி ஒன்பது ஐம்பது. பதினோரு மணிக்கு டாக்டர் மெஹருன்னிசா வருவார். மாத்திரையைக் குறைத்து, வலிப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது மூளையின் எந்த மூலையிலிருந்து கிளம்புகிறது என்று பார்க்கிறார்கள். மூன்று பதிவு வேண்டும் என்றார், இரண்டு கிடைத்துவிட்டது, மூன்றாவதும் இடது நெற்றிப்பொட்டுக்கு உள்ளேயிருந்தே கிளம்பினால் அந்த இடத்தை எடுத்துவிடலாம் என்றார். எடுத்துவிடலாம். வேட்டியில் கறை எடுப்பதுபோலச் சொன்னார், அவர்மேல் தப்பில்லை, தினமும் சொல்கிற வார்த்தை. குமுதா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஜன்னல் வழியே எதிர் மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலை முழுக்கப் பசை வைத்து ஒட்டிய ஒயர்கள், அவை கலையாமலிருக்க வெள்ளைத் துணிக்கட்டு, ஒயர்கள் ஒன்றாகச் சேர்ந்து முதுகுப்பக்கம் இறங்குகின்றன. "சின்ன வயசுலகூட எனக்கு இவ்ளோ நீளம் ஜடை இருந்ததில்ல" என்று முதல் நாள் சிரித்தாள். இன்று சிரிக்கவில்லை. ஒயரையெல்லாம் கவனித்துக்கொள்ளும் டெக்னீஷியன் ஜெபசீலி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டுகிறாள். நாகர்கோவில் பெண், வலிப்பை விருந்தாளி என்றுதான் சொல்வாள். "என்ன சார், நம்ம விருந்தாளி இன்னும் வரலியா? கூப்பிடாத அன்னிக்கு வந்து நிப்பாவ, கூப்பிட்டா வரமாட்டாவ. எங்க மாமியார மாதிரியே." குமுதா அவளுக்காக உதட்டை மட்டும் அசைக்கிறாள். கதவு மூடுகிறது. "ஏங்க, பதினோரு மணிக்குள்ள சொல்லிடுவீங்கல்ல?" என்கிறாள் என் பக்கம் திரும்பாமலே. "பாத்துட்டுத்தாம்மா இருக்கேன்" என்கிறேன். பார்த்து முடித்தாகிவிட்டது. விடியற்காலை ஐந்தரைக்கே முடித்தாகிவிட்டது.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், மூளை செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்குக் கணக்குப் போடுகிறேன் என்பேன். கல்யாண வீட்டில் இதைச் சொன்னால் போச்சு, பக்கத்து இலைக்காரர் தன் பையனின் ஞாபக மறதியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. முதல் வருஷப் பிள்ளைகளுக்கு நான் அபார்ட்மெண்ட் உதாரணம்தான் சொல்வது வழக்கம்: ஒவ்வொரு செல்லும் ஒரு வீடு, சில வீட்டுக்காரர்கள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி எழுப்புகிற ரகம், சில பேர் "சத்தம் போடாதே" என்று வாயைப் பொத்துகிற ரகம். ஒரு வீட்டுக்கு ஒரு சமன்பாடு. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு எண், எவ்வளவு பலமாகத் தட்டுகிறார்கள் என்பது. அந்த எண் சின்னதாக இருந்தால் எந்தப் பேச்சும் இரண்டாவது மாடி தாண்டாது, பெரிதானால் கட்டடம் மொத்தமும் ஒரே தாளத்தில் கத்தும். வலிப்பு என்பது ஏதோ குழப்பம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். குழப்பமே இல்லை, அளவுக்கு மீறிய ஒற்றுமை. இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், எனக்கு அது பிடிக்கும், வருஷாவருஷம் அந்தச் சலசலப்புக்காகவே சொல்வேன், பிறகு வீட்டுக்குப் போய் அந்த ஒற்றுமை என் மனைவியைத் தரையில் போட்டு உலுக்குவதைப் பார்ப்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் அவளுடைய பழைய பதிவுகளையெல்லாம் ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வந்தேன். கட்டின பெண்டாட்டியின் மண்டையைச் சமன்பாடாக எழுதினவன் எங்கள் தரமணி இன்ஸ்டிட்யூட்டில் நான் ஒருத்தன்தான். "வேணாம் எத்திராஜ், சொந்த வீட்டு கேஸ்ல கை நடுங்கும்" என்று துறைத்தலைவர் சொன்னார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் தேவலை, கொஞ்சம் நிதானமாகப் பார்த்திருப்பேன். எந்தக் கணக்கையும் கம்ப்யூட்டரில் ஓடவிட்டால் ஆரம்பத்தில் சில வினாடி தள்ளாடும், நாம் ஏதோ ஒரு எண்ணைக் கொடுத்துக் கிளப்பிவிட்டதால் வரும் தள்ளாட்டம், அதற்கு அர்த்தம் கிடையாது, வெட்டிப் போட்டுவிட்டு அதற்குப் பிறகு வருவதைத்தான் எடுத்துக்கொள்வோம். உலகம் பூராவும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். எங்கள் லேபில் அதற்குப் பெயர் முதல் தோசை. "சார், முதல் தோசைய எடுத்துட்டீங்களா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள், கல் காய்வதற்கு முன் ஊற்றின தோசையை யார் சாப்பிடுவது. குமுதாவின் பதிவுகளில் ஒவ்வொரு வலிப்புக்கும் முன்னால் பன்னிரண்டு வினாடி ஒரு சின்ன அலை இருந்தது. என் கணக்குக்குள் அது அடங்கவே இல்லை. இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன், பிறகு இதுவும் முதல் தோசைதான் என்று முடிவு கட்டி, முதல் பன்னிரண்டு வினாடியை எறி என்று ஒரே ஒரு வரி எழுதினேன். எல்லாம் அழகாகப் பொருந்திவிட்டது. மாநாட்டில் கைதட்டினார்கள்.

நேற்று மத்தியானம் கத்தியால் சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வந்து போன பிறகு. வலிப்பு வருவதற்கு முன்னால் ஏதாவது தோன்றுமா, வாசனை, சத்தம், வயிற்றைப் புரட்டுவது, என்று டாக்டர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார், குமுதா வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள், ஒண்ணும் இல்ல டாக்டர். அவர் வெளியே போனதும் என் கையிலிருந்த சுளையை வாங்கி வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தாள். "ஏங்க, ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்கக் கூடாது." என்ன பெரிதாகச் சொல்லிவிடப்போகிறாள் என்று "சொல்லேன்" என்றேன். "அது வரதுக்கு முன்னாடி பின்னி வரா." பின்னி எங்கள் மகள். நப்பின்னை என்று பெயர் வைத்தது என் அப்பா. ஆறு வருஷமாகிறது அவள் போய், அப்போது ஏழு வயசு. அந்தப் பெயரை நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை என்று பேசி வைத்துக்கொள்ளவில்லை, அப்படி ஆகிவிட்டது. அதை அவள் ஆஸ்பத்திரி அறையில் பால்காரர் வருகிறார் என்பதுபோலச் சொன்னதும் கத்தி விரலில் பட்டது. "எங்க வரா?" என்றேன். வேறு என்ன கேட்பது. "முதுகுல. உப்புமூட்ட ஏறுவாளே, அப்படி. மொதல்ல முதுகு கனக்கும். அப்புறம் ரெண்டு கையும் கழுத்த சுத்திக்கும். காதுகிட்ட மூச்சு படும், சூடா. பேசமாட்டா. அப்புறம் எனக்கு ஒண்ணும் தெரியாது. முழிச்சுப் பாத்தா நீங்கல்லாம் நின்னுட்டிருப்பீங்க." "எத்தன தடவ?" மடையன், நான் கேட்ட கேள்வியைப் பார். "எண்ணல. ஒவ்வொரு தடவையும்தான்." "அஞ்சு வருஷமாவா? டாக்டர் கேட்டப்பல்லாம் இல்லன்னியே குமுதா." "சொன்னா அதுக்கும் மாத்திர குடுப்பாங்க" என்றாள். பிறகு, பின்னியின் பிறந்தநாள் அன்றைக்கு ஒரே ஒரு தடவை, போன வருஷம், மாத்திரையை முழுங்காமல் மணிபிளான்ட் தொட்டியில் போட்டதாகவும் சொன்னாள். சாமி குத்தத்தைச் சொல்வதுபோலக் குரலை இறக்கிச் சொன்னாள். கடைசியில்தான் கேட்டாள். "அந்த எடத்த எடுத்துட்டா அவளும் போயிடுவாளா? உங்க கணக்குல பாத்து சொல்லுங்க. மனுஷங்க சொல்வாங்க மாத்தி மாத்தி, கணக்கு சொல்லாதும்பீங்களே." அந்த வசனத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன், கல்யாணமான புதிதில், காஞ்சிபுரத்து மொட்டைமாடியில், பெரிய மேதை என்று நினைப்பு. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். விரலில் ரத்தம் வந்ததை அவள்தான் துடைத்துவிட்டாள்.

லேப்டாப்பைத் திறந்து அந்த ஒற்றை வரியை அழித்தேன். பன்னிரண்டு வினாடியையும் உள்ளே விட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். என் கணக்கில் இருக்கும் நாலாயிரம் செல்லில் ஒரு அறுபது செல், அவ்வளவுதான், கட்டடத்தின் ஒரு மூலையில் ஒன்றையொன்று தட்டி எழுப்பிக்கொண்டு, வேறு யாரையும் தொந்தரவு செய்யாமல், வட்டமாகப் பேசிக்கொண்டிருக்கின்றன. பன்னிரண்டு வினாடி. அதற்குள் வாயைப் பொத்துகிறவர்கள் களைத்துவிடுகிறார்கள், கதவு கதவாகத் திறந்து கட்டடமே கத்த ஆரம்பிக்கிறது. தள்ளாட்டமில்லை, குப்பையில்லை, இரண்டு வருஷமாக நான் தோசைத் திருப்பியால் எடுத்துக் கடாசினது என் மகளை. இது விஞ்ஞானம் இல்லை என்று எனக்குத் தெரியும். அறுபது செல்லில் ஒரு குழந்தை இருக்க முடியாது, அது ஒரு பழைய தழும்பு, குமுதாவுக்கு இரண்டு வயதில் வந்த ஜுரத்தில் விழுந்தது, அங்கே தப்பாக மின்சாரம் பாய்கிறது, அவள் மூளை அதற்கு ஒரு உருவம் கொடுக்கிறது, மாணவர்களுக்கு என்றால் இப்படித்தான் சொல்வேன். கக்கூஸுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திரும்பி வந்து தேட ஆரம்பித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த அறுபதும் பேச வேண்டும், பேசி முடித்து அடங்க வேண்டும், கட்டடம் விழிக்கக் கூடாது. பின்னி வரட்டும், வலிப்பு வரவேண்டாம். தட்டும் பலத்தைச் சொல்லும் அந்த எண்ணைக் கொஞ்சம் குறைத்தால் அறுபதும் தூங்கிவிடுகிறது. கொஞ்சம் ஏற்றினால் கட்டடம் விழித்துவிடுகிறது. குறைத்தேன், ஏற்றினேன், சாயங்காலம் முழுக்க அதே வேலை, குமுதா இட்லி சாப்பிட்டாளா என்றுகூடப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. புள்ளிக்குப் பிறகு மூன்றாவது தசமத்தில், நூல் அகலம்கூட இல்லை, அந்த இடத்தில் நிறுத்தினால் அறுபதும் பேசிக்கொண்டே இருக்கிறது, ஒரு தும்மல் அளவு அதிர்ச்சி கொடுத்தாலும் சரிந்துவிடுகிறது. அந்த நூலைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. பைத்தியக்காரனுக்கு வரும் சந்தோஷம். டாக்டர் எடுக்கப்போவது அரை எலுமிச்சம்பழம் அளவு, மூன்றாவது தசமத்துக்குக் கத்தி எந்த ஊரில் இருக்கிறது? விடியற்காலை மறுபடி ஒரு தடவை எல்லாவற்றையும் சரிபார்த்தேன். இரண்டும் ஒன்று. வலிப்பும் அவளும் ஒரே அறுபது செல். எடுத்தால் இரண்டும் போகும், வைத்தால் இரண்டும் இருக்கும். இதை எழுதி எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் போடுவார்கள், அவ்வளவு சுத்தமான முடிவு, நாசமாய்ப் போக. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரிடம் சொல்கிறேன், எனக்கேதான். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அஞ்சு வருஷமாக அவள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை, சுமந்துகொண்டிருந்தாள். எனக்குக் கனவில்கூட வரவில்லை பின்னி. அப்பா செய்ததற்கு அப்பாவிடம் வருவாளா.

அங்கே போகாதே. ஜன்னலைப் பார். எதிர் மாடியில் ஒரு அம்மாள் துணி காயப்போடுகிறாள், நீல பக்கெட், ஏழெட்டு கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டிருக்கிறாள். மணி பத்து பன்னிரண்டு. அன்றைக்கும் இதே நேரம் இருக்கும். பின்னிக்கு நாலு நாள் காய்ச்சல், டெங்கு என்று சொல்லிவிட்டார்கள், ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஐந்தாம் நாள் காலையில் தொட்டால் ஜில்லென்று இருந்தாள். தெர்மாமீட்டரைக் குமுதாவிடம் காட்டி, இறங்கிடுச்சு பாரு, இனிமே தேறிடுவா என்று சொன்னவன் நான். சொல்லிவிட்டுத் தரமணிக்குப் போனேன், ஒரு கருத்தரங்கு, வெளிநாட்டிலிருந்து யாரோ வந்திருந்தார், அவர் பெயர்கூட இப்போது ஞாபகமில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. இதைப் பிறகு படித்தேன். வரைபடத்தோடு போட்டிருந்தார்கள், கோடு கீழே வருகிற இடத்தில் சிவப்பு அடித்து. வரைபடம் பார்க்கத் தெரிந்தவன் என்று ஊரெல்லாம் பெயர் எனக்கு. குமுதா ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை, நீங்கதானே சொன்னீங்க என்று கேட்டதில்லை, கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், இரண்டு பேரும் சண்டை போட்டு அழுது தீர்த்திருப்போம். சரி, விடு. இப்போது கேட்டிருக்கும் கேள்விக்கு வா. உண்மையைச் சொன்னால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டாள், அது எனக்கு நிச்சயம். போடாவிட்டால்? பிப்ரவரியில் அடுப்பு பக்கத்தில் விழுந்தாள், வலது கையில் முழங்கை வரை தோல் உரிந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு வேதியியல் எடுத்துக்கொண்டிருந்தவளை ஸ்கூலில் வரவேண்டாம் என்று சொல்லி மூன்று வருஷமாகிறது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவ்வளவு அடிக்கடி வர்றவங்கள்ல சில பேர் தூக்கத்துலயே போயிடறாங்க சார், பயமுறுத்தறதுக்குச் சொல்லல" என்றார். அன்றிலிருந்து நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று. அதே முதுகில்தான் வேறொருத்தி ஏறிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியாமல். அதனால் பொய் சொல்லிவிடலாம். போகமாட்டா குமுதா, ஞாபகமெல்லாம் வேற இடத்துல இருக்கு. பாதி உண்மைதான், பின்னி பிறந்தது, அவளுடைய குரல், ஸ்கூல் பை, எதுவும் போகாது, கனம் மட்டும்தான் போகும். அல்லது கணக்கில் தெளிவாகத் தெரியவில்லை என்று சொல்லலாம், எங்கள் ஆட்கள் எல்லாக் கட்டுரையிலும் கடைசிப் பத்தியில் எழுதுவதுதானே, மேலும் ஆய்வு தேவை. சொன்னால் நம்புவாள். நம்பிக் கையெழுத்துப் போடுவாள். தையல் பிரித்து வீட்டுக்கு வந்து, சோபாவில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருப்பாள். ஒரு வாரம், ஒரு மாசம், ஒரு வருஷம். முதுகு கனக்காது. இறங்கிடுச்சு, தேறிடுவா என்று சொன்னவனை இரண்டாவது தடவையும் நம்பினோமே என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றும். அதையும் அவள் என்னிடம் கேட்கமாட்டாள்.

மணி பத்து முப்பத்தேழு. "அந்தம்மாவப் பாருங்க, பெட்ஷீட்ட தனியா புழியறாங்க, யாராவது ஒரு முனைய" என்றவள் நின்றுவிட்டாள். இந்த நிற்பு எனக்குத் தெரியும். சொல்லின் நடுவில் பேச்சு அறுந்தால் வந்துவிட்டது என்று அர்த்தம். என் கண் தன்னால் வாட்ச்சுக்குப் போகிறது. அஞ்சு வருஷப் பழக்கம், எவ்வளவு நேரம் என்று டாக்டர்கள் கேட்பார்கள், நான் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை, ஒரு நிமிஷம் நாற்பது, ஒரு நிமிஷம் ஐம்பத்திரண்டு. வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் முதல் பன்னிரண்டு வினாடியில் அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை என்பது இந்த நிமிஷம்தான் உறைக்கிறது. கண்ணைப் பிடுங்கி அவள்மேல் வைக்கிறேன். கட்டைவிரல் பட்டன்மேல் இருக்கிறது. அழுத்து. முதுகு கொஞ்சம் முன்னால் குனிகிறது. இரண்டு கையும் பின்னால் போய், விரல் கோத்து, எதையோ தாங்குகிற மாதிரி இறுகுகிறது. இதை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், கைகள் பின்னால் போகும், காரணமற்ற அசைவு என்று. காரணமற்ற அசைவாம். உப்புமூட்டை தூக்குகிற எந்தத் தாயும் இப்படித்தான் கையை வைத்துக்கொள்வாள், வழுக்கிவிடக் கூடாதென்று. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசு எண்ண ஆரம்பிக்கிறது, வேண்டாம், எண்ணாதே. தோளை மேலே தூக்கிக் கழுத்தைச் சுருக்குகிறாள், காதில் மூச்சுப் பட்டால் கூசுமே. அவள் முகம். கல்யாணமான புதிதில் பார்த்தது, பிரசவ வார்டில் பார்த்தது, அதற்குப் பிறகு இந்த உலகத்தில் இல்லை என்று நான் எழுதிக் கழித்துவிட்ட முகம், இதோ ஒயருக்கு நடுவில், ஒரு கை தூரத்தில். அழுத்து எத்திராஜ், முதல் அறிகுறியிலேயே அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். கொஞ்சம் இரு. குழந்தை வந்திருக்கிறாள், கொஞ்சம் இருக்கட்டும். நான் எழுந்து, வெட்கத்தை விட்டு, குமுதாவின் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறேன். சுவர். ஆக்ஸிஜன் குழாய், அதன் பக்கத்தில் கை கழுவும் முறை பற்றிய நோட்டீஸ். வேறு ஒன்றும் இல்லை. நன்றாகப் பார்க்கிறேன், ஒன்றும் இல்லை. அவள் கழுத்து வலது பக்கம் திரும்ப ஆரம்பிக்கிறது, கோத்த விரல்கள் பிரிகின்றன, யாரோ இறங்கிவிட்டார்கள், கண் மேலே போகிறது. அழுத்துகிறேன். மணி அடிக்கிறது. ஜெபசீலியும் இரண்டு நர்ஸும் ஓடி வருகிறார்கள், அவளை ஒருக்களித்துப் படுக்க வைக்கிறார்கள், "அக்கா, ஒண்ணுமில்லக்கா, நாங்க இருக்கோம்" என்கிறாள் ஜெபசீலி. நான் சுவரோரம் நிற்கிறேன். எவ்வளவு நேரம் சார் என்று நர்ஸ் கேட்கிறாள். தெரியலம்மா என்கிறேன்.

டாக்டர் மெஹருன்னிசா பதினொன்றேகாலுக்கு வந்தார். பக்கத்து அறையில் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். "பட்டன் லேட்டா விழுந்திருக்கே சார். பரவால்ல, மெஷின் எல்லாத்தையும் எடுத்திருக்கு. அதே எடந்தான்" என்றார். சம்மதப் படிவத்தை மேஜைமேல் வைத்தார். "இப்ப வேணாம். நல்லா தூங்கி எழுந்திரிக்கட்டும், தெளிவானப்புறம் அவங்களே ஒரு தடவ படிச்சுப் பாக்கட்டும். சாயங்காலம் வரேன்." குமுதா தூங்கினாள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அந்தப் பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், எல்லாம் நல்ல பொய்கள்தான். ஒன்றரை மணிக்குக் கண் விழித்தாள், தண்ணீர் கேட்டாள், என்ன கிழமை என்று நான் கேட்டதற்குச் சரியாக வியாழன் என்றாள், மோர்சாதம் நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். "சொல்லுங்க. போயிடுவாளா?" வாயைத் திறந்தேன். "போயிடுவா" என்று வந்தது. "நிச்சயமாவா?" "நிச்சயமா. ரெண்டும் ஒரே எடம் குமுதா. ஒண்ண மட்டும் வெச்சுக்க வழியிருக்கான்னு தேடித் தேடிப் பாத்தேன். இல்ல." அவள் அழவில்லை. போர்வையில் இருந்த சோற்றுப் பருக்கையை எடுத்துத் தட்டில் போட்டாள். "அப்ப வேணாம். நான் போடல" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நீ வேணும்மா. நீயும் போயிட்டா நான் என்ன செய்வேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அறைக் கதவு திறந்து மூடியது, யாரோ எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு அவள் சொன்னாள், "அஞ்சு வருஷமா வரா. நான் இன்னும் அவ மூஞ்சியப் பாத்ததில்ல. பின்னாடி இருக்கா இல்ல, திரும்பறதுக்குள்ள நெனவு போயிடும். இன்னிக்கு நீங்க வாட்ச்ச பாக்கல. எனக்குத் தெரிஞ்சுது. எழுந்துகூட நின்னீங்க." என் முகத்தையே பார்த்தாள். "எப்படி இருந்தா?"

சுவர், ஆக்ஸிஜன் குழாய், நோட்டீஸ். "நல்லா இருந்தா" என்றேன். "சும்மா சொல்லாதீங்க. பாத்தீங்களா இல்லையா?" "பாத்தேன். உசரமாயிட்டா. காலு ரெண்டும் கட்டில்ல இடிக்கற மாதிரி தொங்கிட்டிருந்துது." குமுதா மெதுவாகத் தலையாட்டினாள். "அதான் இப்பல்லாம் கனம் ஜாஸ்தியா இருக்கு. நான் எனக்குத்தான் வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். என்னைப் பாத்தாளா, உங்களப் பாத்தாளா?" "என்னப் பாத்தா." "கோவமாவா?" "இல்ல குமுதா. சிரிச்சா." போகும்போது பின்னிக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்து வெறும் ஈறாக இருந்தது, அது முளைக்கும் வரை போட்டோவுக்கு வாயைத் திறக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தாள். "பல்லு மொளச்சிருந்துது" என்றேன். குமுதா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ரெண்டுமா?" "ரெண்டும்." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வளந்துட்டா" என்றாள். "இனிமே என்னால தூக்க முடியாதுங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு, படிவத்தையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துத் தரச் சொன்னாள்.